யார் கேட்டாலும் சொல்லலாமா?

தேர்தல் வந்தால் வீட்டுக் கதவு அடிக்கடி தட்டப்படும். ஓட்டுக் கேட்டு வருவார்கள். வாக்காளர் சீட்டுக் கொடுக்க வருவார்கள். இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு விவரம் கேட்கிறார்கள்.

உங்கள் செல்போன் எண் என்ன? வீட்டில் எத்தனை பேர்? என்ன வேலை? அரசாங்கப் பணம் வருகிறதா? ஆதார் அட்டை இருக்கிறதா?

கேட்பவர் தெரிந்த முகமாக இருப்பார். மரியாதையாகவும் கேட்பார். பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அந்த விவரம் எங்கே போகிறது? அதை வைத்து என்ன செய்வார்கள்? கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? மறுக்க நமக்கு உரிமை உண்டா?

கடக்வாஸ்லாவில் ஒரு வாக்காளர்

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்குத் தென்மேற்கே கடக்வாஸ்லா என்ற ஊர் இருக்கிறது. அங்கே முட்டா ஆற்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. புனே நகரத்துக்குக் குடிதண்ணீர் இந்த அணையிலிருந்து போகிறது. ராணுவ அதிகாரிகளாகப் போகிறவர்கள் பயிற்சி பெறும் தேசியப் பாதுகாப்பு அகாதமியும் இங்கேதான் இருக்கிறது.

2021-ஆம் ஆண்டு வரை கடக்வாஸ்லா ஒரு கிராமம். அந்த ஆண்டு இதையும் சேர்த்து 23 கிராமங்கள் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மக்களவைக்குப் பாராமதி தொகுதி. சட்டமன்றத்துக்குக் கடக்வாஸ்லா தொகுதி. உள்ளாட்சிக்குப் புனே மாநகராட்சி.

2024 மே மாதம் மக்களவைத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 2026 ஜனவரி 15 அன்று மாநகராட்சித் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று தேர்தல். மூன்று தேர்தலிலும் கட்சிக்காரர்களுக்கு முதலில் வேண்டியது ஒன்றுதான். அது வாக்காளர் பட்டியல்.

முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் பெயரைச் சரியாகச் சொல்கிறார். இந்த வீட்டில் நான்கு ஓட்டு என்கிறார். இது மந்திரம் இல்லை. பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார்.

ஊர் அறிய வைக்கும் பட்டியல்

வாக்காளர் பட்டியல் ரகசியம் இல்லை. ஊர் அறிய வைக்க வேண்டும் என்பதே சட்டம். அதற்குக் காரணம் உண்டு. இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். ஒருவர் பெயர் விட்டுப் போயிருந்தால் அவரே பார்த்துச் சேர்க்கச் சொல்லலாம். கள்ளப் பெயர் நுழைந்தால் கண்டுபிடிக்கலாம். பட்டியல் மறைவாக இருந்தால் இது எதுவும் நடக்காது.

1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. அங்கீகாரம் பெற்று, தனக்கென்று சின்னம் ஒதுக்கப்பட்ட கட்சிக்குப் பட்டியலின் இரண்டு படிகளை இலவசமாகத் தர வேண்டும். ஆகவே பட்டியல் கட்சியிடம் இருப்பது தவறில்லை.

பட்டியலில் என்ன இருக்கும்? பெயர் இருக்கும். தகப்பனார் அல்லது கணவர் பெயர் இருக்கும். வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா என்பது, வாக்காளர் அட்டை எண் ஆகியவை இருக்கும்.

பட்டியலில் என்ன இருக்காது? செல்போன் எண் இருக்காது. ஆதார் எண் இருக்காது. சாதி இருக்காது. வங்கிக் கணக்கு இருக்காது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது இருக்கவே இருக்காது.

இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பட்டியலில் உள்ளது ஊருக்குத் தெரிந்த விவரம். பட்டியலில் இல்லாதது அவரவருடைய சொந்த விவரம்.

சொந்த விவரம் எதற்கு?

ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2025-இல் முடிவு செய்தது. 1,200 பேர் என்றால் சில தெருக்கள்தான். அத்தனை பேரின் செல்போன் எண்ணும் கிடைத்துவிட்டால் தெருத் தெருவாகச் செய்தி அனுப்பலாம். அதனால்தான் கட்சிகள் சாவடிவாரியாக எண்களைத் திரட்டுகின்றன.

கட்சி மக்களைத் தேடி வருவது நல்லதுதான். கொள்கையைச் சொல்லலாம். கூட்டத்துக்கு அழைக்கலாம். குறை கேட்கலாம். இதற்குத்தான் கட்சிகள் இருக்கின்றன.

ஆனால் விவரங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது வேறு ஒன்று நடக்கிறது. பெயரோடு செல்போன் எண் சேர்கிறது. எண்ணோடு சாதி சேர்கிறது. பிறகு வேலை, கடன், நோய், வாங்கும் உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் வெளியாள் கையில் ஒரே இடத்தில் வந்துவிடுகிறது.

அதை வைத்து ஒரு தெருவுக்கு ஒரு பேச்சும் அடுத்த தெருவுக்கு வேறு பேச்சும் பேசலாம். ஒரு சாதிக்காரரிடம் மற்றச் சாதிக்காரரைப் பற்றிப் பயம் காட்டலாம். உதவித்தொகை வாங்குபவரிடம், ஓட்டுப் போடாவிட்டால் நின்றுவிடும் என்று மிரட்டலாம். பொதுக்கூட்டத்தில் சொன்னால் பத்துப் பேர் எதிர்த்துக் கேட்பார்கள். ஒருவருடைய செல்போனுக்குள் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

புதுச்சேரிக்கு வந்த செய்தி

இது வெறும் பயம் இல்லை. நீதிமன்றம் வரை போன வழக்குகள் இருக்கின்றன.

2021 ஏப்ரல் 6 அன்று புதுச்சேரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு வாக்காளர்களின் செல்போனுக்குப் பாரதிய ஜனதா கட்சியின் பெயரில் செய்தி வந்தது. அவரவர் வாக்குச்சாவடிக்கான வாட்ஸ்அப் குழுவில் சேரும்படி அது அழைத்தது.

பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். எங்கள் எண் கட்சிக்கு எப்படிக் கிடைத்தது? எந்தச் சாவடி என்பதும் எப்படித் தெரிந்தது? ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் செய்தி வருகிறது என்று புகார் எழுந்தது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

எண்களைத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள் என்று கட்சி சொன்னது. எங்களிடமிருந்து எந்த விவரமும் வெளியே போகவில்லை என்று ஆதார் ஆணையம் சொன்னது. மொத்தமாகச் செய்தி அனுப்ப முன் அனுமதி வாங்கவில்லை என்று தேர்தல் துறை கட்சிக்கு நோட்டீஸ் அனுப்பியது.

புகாரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உயர் நீதிமன்றம் கருதியது. மக்கள் நம்பிக் கொடுத்த விவரத்தைக் காப்பது ஆதார் ஆணையத்தின் பொறுப்பு, அது விளக்கம் தர வேண்டும் என்றது.

அந்த வழக்கு எழுப்பிய கேள்வி சாதாரணமானது. ஒரு வேலைக்காகக் கொடுத்த எண் வேறு வேலைக்குப் போகலாமா? ரேஷனுக்குக் கொடுத்த எண்ணுக்கு ஓட்டுக் கேட்டுச் செய்தி வரலாமா?

ஓ.டி.பி. கேட்ட வழக்கு

அடுத்தது தமிழ்நாட்டில் நடந்தது. 2025 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம், 'ஓரணியில் தமிழ்நாடு' என்ற பெயரில் வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தது. செல்போன் எண்ணைக் கேட்டார்கள். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்தார்கள்.

ஓ.டி.பி. என்றால் ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண். அது ஒரு சாவி மாதிரி. வங்கிக் கணக்கைத் திறக்கவும் அதே மாதிரி எண்தான் வரும். "அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க" என்று வாசலில் ஒருவர் கேட்டால், அது எந்தப் பூட்டின் சாவி என்று பலருக்குத் தெரியாது. இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், நாளை ஒரு மோசடிக்காரன் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். ஆதார் விவரமும் கேட்கிறார்கள், மறுத்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்கிறார்கள் என்று அவர் மனுவில் சொன்னார். விரும்பியவர்களிடம் மட்டுமே விவரம் வாங்குகிறோம் என்று கட்சி சொன்னது.

2025 ஜூலை 21 அன்று நீதிமன்றம் ஓ.டி.பி. வாங்குவதற்கு இடைக்காலத் தடை போட்டது. உறுப்பினர் சேர்க்கையை அது தடுக்கவில்லை. வாங்கிய விவரம் யாரிடம் இருக்கும், எப்படிக் காக்கப்படும் என்றுதான் கேட்டது. கட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையில் தலையிட மறுத்துவிட்டது.

புதுச்சேரியில் ஒரு கட்சி, தமிழ்நாட்டில் வேறொரு கட்சி. இரண்டும் எதிர் எதிர் அணி. எந்தக் கட்சி ஆனாலும் கேள்வி ஒன்றுதான்.

335 பேர் கொடுத்தது, 5 லட்சம் பேருடையது போனது

வெளிநாட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்று ஒரு கம்பெனி இருந்தது. தேர்தலில் கட்சிகளுக்கு வேலை செய்வது அதன் தொழில். பேஸ்புக்கில் விளையாட்டுப் போல ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. பதில் சொன்னவர்களின் விவரம் மட்டும் போகவில்லை. அவர்களுடைய நண்பர்களின் விவரமும் சேர்ந்து போனது. அது அந்தக் கம்பெனியின் கைக்கு வந்தது. 2018-இல் இது வெளியே தெரிந்தது.

உலகம் முழுவதும் 8 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் இப்படிப் போயிருக்கலாம் என்று பேஸ்புக் சொன்னது. இந்தியாவில் அந்தக் கேள்விப் பட்டியலுக்குள் போனவர்கள் 335 பேர். அவர்களால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் தன் செல்போனைத் திறந்து காட்டினால் அதில் உள்ள எல்லார் எண்ணும் வெளியே போகலாம். தங்கை எண், சம்பந்தி எண், மகன் முதலாளியின் எண் எல்லாம் அதில் இருக்கும். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நீதிபதி போட்ட வழக்கு

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் கே.எஸ். புட்டசாமி. 2012-இல் அவர் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. அந்த வழக்கில் ஒரு பெரிய கேள்வி வந்தது. மனிதருக்கு அந்தரங்கம் என்று ஓர் உரிமை உண்டா?

ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்பது பேரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை. ஏழைக்கும் உண்டு, பணக்காரருக்கும் உண்டு. உதவி வாங்குபவர் என்பதால் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை.

2023-ஆம் ஆண்டுச் சட்டம்

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் அது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பதியும் விவரங்களுக்கு அது பொருந்தும். காகிதத்தில் எழுதி வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் பொருந்தும்.

சட்டம் சொல்வதில் முக்கியமானவை இவை:

விவரம் வாங்குபவர் எதற்கு என்று முன்பே சொல்ல வேண்டும்.

அறிவிப்பு எளிய மொழியில் இருக்க வேண்டும். தமிழ், மராத்தி உட்பட அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் அதைப் படிக்க வசதி தர வேண்டும்.

சம்மதத்தின் பேரில் வாங்கினால், அது மனம் ஒப்பிக் கொடுத்த சம்மதமாக இருக்க வேண்டும்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம்.

18 வயது ஆகாதவரின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

விவரத்தைச் சரியாகக் காக்காமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். புகாரை விசாரிக்கத் தனி வாரியம் உண்டு.

அரசியல் கட்சிகளுக்கென்று தனி விலக்கு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை.

சட்டம் எட்டாத இடங்கள்

சட்டத்தின் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. விவரம் வாங்குபவர்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன.

சட்டப்படி ஊர் அறிய வெளியிட்ட விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வாக்காளர் பட்டியல் அப்படிப்பட்டது. ஆகவே பட்டியலில் உள்ள பெயரைக் கட்சி வைத்திருக்கலாம். அதோடு செல்போன் எண்ணையும் சாதியையும் சேர்க்கும்போதுதான் சட்டத்தின் கேள்வி எழும்.

அபராதப் பணம் அரசாங்கத்தின் நிதிக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. அரசாங்கத் துறைகளுக்குப் பல விலக்குகள் உண்டு.

சட்டம் முழுதாக வரும்வரை மக்கள் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறது. அந்தரங்க உரிமையின் பேரில்தான் மதுரை வழக்கும் நடந்தது. தேர்தல் ஆணையத்தின் உத்தரவுகளும் இருக்கின்றன. 2024 மே 2 அன்று ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. ஜெயித்தால் பணம் தருவோம், உதவி தருவோம் என்று சொல்லி வாக்காளர் பெயரையும் விவரத்தையும் படிவத்தில் பதிவதை உடனே நிறுத்த வேண்டும் என்றது. அது ஓட்டுக்கு லஞ்சம் கொடுப்பது போல ஆகிவிடும் என்றும் எச்சரித்தது.

உங்கள் ஓட்டு யாருக்கும் தெரியாது

விவரம் எல்லாம் கட்சியிடம் இருக்கிறது என்றால், யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதும் தெரியுமா? இந்தப் பயம் பலருக்கு உண்டு.

தெரியாது. எந்தச் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு வெளியே வரும். 1,000 பேர் ஓட்டுப் போட்ட சாவடியில் ஒரு கட்சிக்கு 600 விழுந்தது என்று தெரியும். அந்த 600 பேர் யார் யார் என்பது தெரியாது. ஓட்டின் ரகசியத்தைக் காப்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தேர்தல் வேலை பார்ப்பவர்களின் கடமை. மீறினால் அவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

நீ யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் அது வெறும் மிரட்டல். அரசாங்க உதவித்தொகையும் அப்படித்தான். அது அரசாங்கப் பணம். தகுதி உள்ளவருக்கு வரும். கட்சியில் சேரவில்லை என்று அதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

கதவைத் தட்டினால் என்ன செய்யலாம்?

முதலில், வந்தவர் யார் என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியல் வேலைக்கு வரும் அரசு அலுவலரிடம் அடையாள அட்டை இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கட்சிக்காரர் வேறு, அரசு அலுவலர் வேறு.

எதற்கு இந்த விவரம் என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விவரமும் வேண்டாம்.

காகிதம் எதுவானாலும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். புரியாத வரி இருந்தால் படித்தவரைக் கேளுங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம்.

ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். செல்போனையும் அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் மேல் தேதியையும் எந்த வேலைக்கு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

விருப்பம் இருந்தால் கட்சியில் சேருங்கள். அது உங்கள் உரிமை. விருப்பம் இல்லாவிட்டால், "வேண்டாம் தம்பி, விவரம் தர இஷ்டம் இல்லை" என்று சொல்லுங்கள். அதுவும் உங்கள் உரிமை.

தேர்தல் பற்றிய புகாருக்கு 1950 என்ற எண்ணில் கூப்பிடலாம். செல்போன் வழியாகப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் கூப்பிட வேண்டும்.

ஒரு காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடுத்தவர் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். நிலம் போனது பிறகுதான் தெரிந்தது. இன்று நிலத்தைப் போல விவரமும் ஒரு சொத்து. எழுத்துத் தெரிந்தவர் நீட்டிய காகிதத்தை முதலில் படிக்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. வாக்காளர் பட்டியலை ஏன் ஊர் அறிய வைக்கிறார்கள்?

2. வாக்காளர் பட்டியலில் இல்லாத விவரங்கள் எவை?

3. உங்கள் வீட்டுக்கு யாராவது விவரம் கேட்டு வந்தார்களா? என்ன கேட்டார்கள்? எதற்கு என்று சொன்னார்களா?

4. புதுச்சேரி வழக்குக்கும் மதுரை வழக்குக்கும் உள்ள வேறுபாடு என்ன?

5. உங்கள் செல்போனில் உள்ள மற்றவர்களின் எண்களைக் காக்க நீங்கள் என்ன செய்யலாம்?